களம் அமைப்போர் கருவிகளும் அல்சூர்ப் படித்துறையும்

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி வேலியும் காவலுமாக விரிந்து கிடக்கும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் நிலத்தை அன்றாடம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் கடந்து செல்வோர் பலர். அப்படைப்பிரிவு மதராஸ் ஸாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று வழங்கிய காலத்தில், 1912-ஆம் ஆண்டு, அதைச் சேர்ந்த காப்டன் ஆர். எல். மக்ளின்டாக் இந்த ஊரில் வகுத்தளித்த ஓர் எளிய ஆயுதம், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நார்மண்டிக் கடற்கரையில் பிரயோகிக்கப்பட்டதையும், பின்னும் அறுபதாண்டு அளவில் ஒரு கணினி விளையாட்டில் புகுந்து, உலகெங்கும் உள்ள பையன்களின் கைக்கு வந்து சேர்ந்ததையும் அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ தெரியாது. வெடிமருந்து அடைத்த, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி, அப்பால் பதுங்கியிருந்தபடியே வெடிக்கச் செய்து வழி திறப்பது அதன் வேலை. பெங்களூர் டார்பிடோ என்பது இன்றளவும் அதன் பெயர். 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'மெடல் ஆஃப் ஹானர்: அலைடு அசால்ட்' என்னும் விளையாட்டில், ஓமாஹா கடற்கரைக் களத்தைக் கடக்க வேண்டுமாயின், குண்டு மழையினூடே ஓடி இந்தக் குழாய்களைத் தேடிக் கொணர்ந்தாலொழிய கம்பிவேலி பிளவாது.

அந்த விளையாட்டை அமைத்தவர்கள் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகரத்தில் இருந்த ஒரு சிறு குழுவினர். கடற்கரையும் வேலியும் பள்ளங்களும் பதுங்குகுழிகளும் அவர்கள் 'மோஹ்ரேடியன்ட்' என்னும் எடிட்டரில் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியவை. விளையாட்டு வெளிவந்த ஆண்டிலேயே அந்த எடிட்டரும், அதனோடு சேர்ந்த மற்ற உபகரணங்களும் விளையாடுவோருக்கே வழங்கப்பட்டன. விரும்பியவன் அதே வேலியை வேறோர் இடத்தில் நட்டு, தன் சொந்தக் களத்தைச் சிருஷ்டித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆகவே அல்சூர்ப் பையன் ஒருவன் தன் ஊரில் பிறந்த ஆயுதத்தைத் தன் ஊர்த் தெருவிலேயே வைத்து ஒரு களம் அமைத்திருக்கலாம். அப்படி ஏதும் நிகழ்ந்து பெயர் பெற்றதாகக் காணோம். இத்தகைய கருவித்தொகுதிகள் எவ்வாறு தோன்றின, எதைச் சாதித்தன, இவ்வளவு ஆர்வத்தோடு விளையாடிய நம் பக்கத்தில் கட்டுகிறவர்கள் ஏன் அருகிப்போயினர் என்னும் வினாக்களை ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கி விளையாட்டுகளின் சரித்திரத்தில் 1993 டிசம்பர் 10 ஒரு முக்கியமான நாள். டெக்ஸாஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அன்றுதான் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. அதன் புகழுக்கு வேகமும் இருளும் அச்சமும் காரணங்கள் என்று சொல்வது வழக்கம். எனினும் இந்த ஆய்வுக்கு வேண்டியது மற்றொரு குணம். விளையாட்டை நடத்தும் இயந்திர நிரலை ஒரு பக்கமும், சுவர், தளம், பகைவர், ஓசை, ஓவியம் முதலிய தரவுகளை 'வாட்' என்னும் தனிக் கோப்பில் மற்றொரு பக்கமும் நிரலாசிரியர் ஜான் கார்மக் பிரித்து வைத்தார். கிராமபோன் பெட்டி ஒன்றே. இசைத்தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது போன்ற அமைப்பு அது. முந்தைய விளையாட்டான 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யின் களங்களை ரசிகர்கள் தாமே குடைந்து மாற்றியதைக் கண்டு, அவர்களைத் தடுப்பதற்கு மாறாக அவர்களுக்கு வழி திறந்துவிடுவதே தக்கது என்று அவர் தீர்மானித்தார். வணிக நிறுவனம் ஒன்று தன் சரக்கைத் திருத்திக்கொள்ளும் உரிமையை வாங்கியவனிடமே ஒப்படைத்தது அக்காலத்தில் அசாதாரணமான காரியம்.

ஆனால் வழியைத் திறந்தவர்கள் கருவியைக் கொடுக்கவில்லை. அவர்களுடைய சொந்த எடிட்டரான டூம்எட், விலையுயர்ந்த நெக்ஸ்ட் கணினியில் மட்டுமே ஓடியது. வீட்டுக் கணினி வைத்திருந்தோருக்கு அது எட்டாக் கனி. அந்தக் குறையை நிரப்பியவர்கள் ரசிகர்களே. நியூஸிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபேல் கினேயும் முன்னின்று உருவாக்கிய 'டூம் எடிட்டிங் யுட்டிலிட்டி' 1994 ஜனவரியில், அதாவது விளையாட்டு வெளிவந்து இரண்டு மாதம் நிறைவதற்கு முன்னரே, வெளிவந்துவிட்டது. அதே ஆண்டில் மாட் ஃபெல் என்பவர் டூமின் கோப்பு அமைப்பை அங்குலம் அங்குலமாக விவரித்து ஒரு சாசனம்போல எழுதி வைத்தார். நிறுவனமும் தன் பங்காக, களத்தைப் பகுத்துத் தரும் நிரலின் மூலத்தை வெளியிட்டது. ஒரு நிபந்தனை மாத்திரம் இருந்தது: புதிய களங்கள் காசு கொடுத்து வாங்கிய முழுப் பதிப்பில் மட்டுமே இயங்க வேண்டும், இலவசமாகச் சுற்றிய முதற் பகுதியில் இயங்கலாகாது. சிறிய நிபந்தனைதான், ஆயினும் அது நம் நாட்டைப் பொறுத்தவரை எவ்வளவு பெரிதாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1996-இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 'டியூக் நியூகெம் 3டி' தன் எடிட்டரைத் தன்னோடே கொண்டு வந்தது. ஜூன் மாதத்தில் வந்த 'குவேக்', களம் என்பதன் இலக்கணத்தையே மாற்றியது. டூமின் களம் உண்மையில் ஒரு தரைப்படம். ஒவ்வொரு பகுதிக்கும் தளம் எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் எழுந்து நிற்கும். ஆகையால் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை அதில் சாத்தியமன்று. குவேக்கிலோ 'பிரஷ்' என்று அவர்கள் சொல்லும் கனவடிவத் துண்டுகளை வெளியில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாலமும் மாடமும் சுரங்கமும் கைகூடின. இதற்கென பென் மாரிஸ் எழுதிய 'வேர்ல்டுகிராஃப்ட்' என்னும் எடிட்டரை வால்வ் நிறுவனம் வாங்கி, 1998 நவம்பரில் தன் 'ஹாஃப்-லைஃப்' வட்டிலேயே சேர்த்து விற்றது. பின்னாளில் அதுவே 'ஹாமர்' என்று பெயர் மாறிற்று. இன்னொரு கிளையாக வளர்ந்தது ரேடியன்ட் குடும்பம். மேலே சொன்ன மோஹ்ரேடியன்ட் அதைச் சேர்ந்தது. பிற்காலத்தவரில் டூமுக்கான டூம் பில்டரும், குவேக்குக்கான டிரெஞ்ச்பிரூமும் குறிப்பிடத் தக்கவை. மற்றவற்றின் பெயர்களை அடுக்கிச் செல்வதால் வாசகருக்குப் பயனில்லை.

கருவித்தொகுதி என்ற சொல்லைக் கேட்டதும் எடிட்டர் ஒன்றையே பலரும் நினைப்பர். எடிட்டர் முகப்பு மாத்திரமே. குவேக் வழிவந்தவற்றில் வேலையின் பாரம் முழுவதும் அதன் பின்னே நிற்கும் மூன்று தொகுப்பி நிரல்களின் மேல் விழுகிறது. முதலாவது, அடுக்கிய துண்டுகள் அனைத்தையும் எடுத்து, வெளியை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே சென்று ஒரு மரவடிவில் நிறுத்துகிறது. இந்த முறை கார்மக்கின் கண்டுபிடிப்பன்று. ஃபுக்ஸ், கெடெம், நேலர் ஆகிய மூவர் 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் வந்தது. இரண்டாவது நிரல், 'விஸ்' எனப்படுவது, களத்தின் எந்த மூலையில் நின்றால் எந்தெந்த மூலைகள் கண்ணில் படக்கூடும் என்பதை முன்கூட்டியே கணித்து வைக்கிறது. அவ்வாறு கணித்து வைத்ததனால்தான் அக்காலத்துச் சாதாரணப் பென்டியம் கணினி தேவையற்றதை வரையாமல் வேகமாக ஓட முடிந்தது. மூன்றாவது நிரல், விளக்கு வைத்த இடங்களிலிருந்து ஒளி எங்கெங்கு விழும், நிழல் எங்கே தங்கும் என்று சுவர்தோறும் தீட்டி முடிக்கிறது.

இவற்றுள் இரண்டாவதுதான் களம் அமைப்போனுடைய குரு என்பேன். களம் எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தாலொழிய அது வேலை செய்யாது. சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் ஓரலகு இடைவெளி விட்டுப்போனாலும், உள்ளே இருக்கும் பொருள் ஒன்று வெளிச் சூனியத்தை எட்டிவிட, முதல் நிரல் 'லீக்' என்ற ஒற்றைச் சொல்லை உமிழும்; இரண்டாவது ஓடாமல் நின்றுவிடும். ஆனால் அந்த முதல் நிரல் தண்டனையோடு உபாயத்தையும் சேர்த்தே தருகிறது: களத்தின் உள்ளிருந்து ஓட்டை வழியாக வெளியே செல்லும் பாதையைக் கோப்பில் எழுதி வைக்கிறது, எடிட்டரில் அதைத் திறந்தால் ஒரு கோடு அறை அறையாக வளைந்து சென்று, பிழை இருக்கும் மூலையைச் சுட்டுகிறது. அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது முதல் பாடம். சோம்பேறிகள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். களம் முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் லீக் என்ற புகார் எழாது. ஆனால் அப்போது எல்லா இடமும் எல்லா இடத்துக்கும் தெரிவதாகக் கணக்காகி, விளையாட்டு ஊர்ந்து செல்லும். கட்டடத்தின் ஒழுங்கு எவ்வளவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்பதை இதைப்போலப் பொட்டென்று உணர்த்தும் பயிற்சி எந்தக் கல்லூரியிலும் உண்டோ என்பது எனக்குச் சந்தேகமே.

கருவிகளை இலவசமாகக் கொடுத்ததன் விளைவு பெரிது. கனடாவில் மாணவராயிருந்த மின் லீயும், அவரோடு சேர்ந்த ஜெஸ் கிளிஃபும் ஹாஃப்-லைஃபைத் திருத்தி 1999-இல் 'கவுன்டர்-ஸ்டிரைக்' என்னும் மாட் ஒன்றை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே வால்வ் அதை வாங்கித் தன் சரக்காக்கிக்கொண்டது. அதன் மிகப் புகழ்பெற்ற களமான டஸ்ட் 2-ஐ 2001-இல் அமைத்த டேவ் ஜான்ஸ்டன் அப்போது இங்கிலாந்தில் ஓர் இளைஞர். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இருந்தவரல்லர். ரசிகராக டூம் களங்கள் செய்த டிம் வில்லிட்ஸ் இட் சாஃப்ட்வேரிலும், டேரியோ கசாலி வால்விலும் வேலைக்கு அமர்ந்தனர். சிபாரிசுக் கடிதமோ பட்டமோ கேட்காத தொழிற்பள்ளியாக இந்தக் கருவிகள் விளங்கின என்றால் மிகையன்று.

உரிமையைப் பற்றிய வழக்கும் எழாமல் இல்லை. டியூக் நியூகெமுக்கு ரசிகர்கள் செய்த 300 களங்களைத் திரட்டி ஒரு கம்பெனி வட்டில் போட்டு விற்றது. 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் களக் கோப்புகளில் மூலவிளையாட்டின் ஓவியம் ஒன்றுகூட இல்லாவிடினும், அவை அதன் கதையையே தொடர்வன ஆதலால் மூலவருடைய உரிமைக்கு உட்பட்டவை என்று தீர்த்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொண்டு, அதைத் திருத்தி மாற்றும் உரிமையை உடையவருக்கே வைக்கிறது. களம் கட்டுபவன் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும்வரை ஒருவரும் கேட்பதில்லை. விலை வைத்தால் வில்லங்கம் என்பது இதன் சாரம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1990-களின் இறுதி ஆண்டுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் பெங்களூரின் தெருக்களில், அல்சூர் பஜார் தெருவும் மர்ஃபி டவுனும் உட்பட, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் நெட் சென்டர்களும் கேமிங் சென்டர்களும் பெருகின. சிஃபி நிறுவனத்தின் ஐவே போன்ற தொடர் நிலையங்களும் வந்தன. அங்கே கவுன்டர்-ஸ்டிரைக் 1.6-உம், நார்வே நாட்டு இன்னர்லூப் நிறுவனம் 2000-இல் செய்த 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'யும் ஓயாமல் ஓடின. இந்தியாவில் ஐ.ஜி.ஐ. பெற்ற செல்வாக்கு அதன் பிறந்த நாட்டிலும் பெற்றிருக்குமா என்பது ஐயமே; இடையில் சேமித்து வைக்க வழியில்லாமையால், செத்தால் அந்தப் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்கினால் இன்னுமொரு மணி வாடகை. இவ்வளவு பழக்கமான அந்த விளையாட்டோடு களம் அமைக்கும் கருவி ஏதும் வரவில்லை. கவுன்டர்-ஸ்டிரைக்குக்கோ தாராளமாக இருந்தது. எனினும் டஸ்ட் 2-இன் ஒவ்வொரு கதவையும் சந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பையன்கள் நூற்றுக்கணக்கில் இருந்த இடத்தில், அதைப் போலொன்றைக் கட்டியவர்கள் விரல் விட்டு எண்ணுமளவுக்குக்கூடத் தென்படவில்லை.

இந்தியருக்குக் கற்பனை குறைவு, அடுத்தவன் செய்ததை உபயோகிப்பதே பழக்கம் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அது சோம்பலான விளக்கம். கட்டுவதற்கு முதலாவதாக வேண்டியது தனக்கென ஓர் இயந்திரம். வாடகை இயந்திரத்தில் உட்கார்ந்து விளையாடலாம், கட்ட முடியாது. பெரிய களம் ஒன்றுக்கு விஸ் கணிப்பு அக்காலத்துக் கணினியில் இரவு முழுவதும் ஓடும். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவன் கணினியை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க இயலுமா? மேலும் பல நிலையங்களில், வைரஸுக்கு அஞ்சி, கணினியை அணைத்து மூட்டினால் முந்தைய நிலைக்கே திரும்பும்படியான நிரலைப் போட்டிருந்தார்கள். அன்று சேமித்த கோப்பு மறுநாள் இராது. வீட்டில் கணினி இருந்தவனுக்கும் மின்வெட்டு ஒரு பகையாக நின்றது. பாதி ஓடிய கணிப்பு போனால் போனதுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது காரணம், நான் முன்னே சொன்ன அந்தச் சிறு நிபந்தனை. புதிய களத்துக்கு முழுப் பதிப்பு வேண்டும், அதிலும் இத்தனையாவது திருத்தப் பதிப்பு வேண்டும் என்று கருவிகள் கேட்டன. சென்னை பர்மா பஜாரிலும் பெங்களூர் மெஜஸ்டிக் பக்கத்துக் கடைகளிலும் கிடைத்த நகல் வட்டுகளோ, இடத்தை மிச்சம் பிடிக்க ஓசையையும் காட்சிகளையும் கத்தரித்து, கருவி இருந்த அடைவை முதலிலேயே தூக்கி எறிந்துவிட்டு வந்தவை. வேர்ல்டுகிராஃப்ட் ஹாஃப்-லைஃப் வட்டிலேயே இருந்தது என்று மேலே எழுதினேன். நம் பையன்களின் கைக்கு எட்டிய வட்டில் அது இருந்திருக்குமா என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். டயல்-அப் இணைப்பில் அதைத் தனியே இறக்குவது தொலைபேசிக் கட்டணத்துக்கும் தந்தையின் பொறுமைக்கும் சோதனை.

மூன்றாவது, தொழிலின் போக்கு. இந்திய விளையாட்டுத் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்றான துருவா இன்டராக்டிவை ராஜேஷ் ராவ் 1997-இல் இதே பெங்களூரில்தான் தொடங்கினார். திறமை மிக்க ஸ்தாபனம் அது. ஆனால் உலகம் அதனிடம் கேட்டு வாங்கியது, பெரும்பாலும், பிறர் வகுத்த களத்தில் வைப்பதற்கான மரமும் வண்டியும் கட்டடமும் உருவமும். அவற்றைக் கலைநயத்தோடு செய்து அனுப்பியே அது வளர்ந்தது. சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் அதை வாங்கியது. பின்னர் 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் 79 லட்சம் டாலருக்கு எடுத்துத் தன் பெங்களூர்க் கிளையோடு சேர்த்துக்கொண்டது. கர்நாடக அரசு 2012-இலேயே அசைபடத்துக்கும் விளையாட்டுக்கும் தனிக் கொள்கை வகுத்ததையும் மறக்கலாகாது. ஆயினும் எந்த மூலையில் எதிரி நிற்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை பெரும்பாலும் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டது. கருவியைப் பழகிய அமெச்சூர்கள் இல்லாத ஊரில் அந்த வேலையைக் கேட்டு வாங்க ஆள் எங்கிருந்து வருவார்?

இதன் பலனாக நம் இடங்களைப் பிறர் கட்ட, நாம் விளையாடிப் பார்க்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையையும் பேலூர், ஹளேபீடு ஆகியவற்றின் ஹொய்சளச் சிற்பங்களையும் பின்னணியாக்கி 2017-இல் 'அன்சார்டட்: தி லாஸ்ட் லெகஸி'யைச் செய்தவர்கள் கலிஃபோர்னியாவின் நாட்டி டாக் குழுவினர், மறு ஆண்டு 'ஹிட்மேன் 2'வில் மும்பையின் சந்துகளை எழுப்பியவர்கள் கோபன்ஹேகனில் இருந்தார்கள். மேம்போக்கான வேலை என்று அவற்றைத் தள்ள மாட்டேன், சிரத்தையோடு செய்தவையே. பெங்களூரின் என்கோர் கேம்ஸ் 2021 ஜனவரி 26-இல் வெளியிட்ட 'ஃபௌ-ஜி' கல்வான் பள்ளத்தாக்கை நம்மவர் கையாலேயே காட்டிற்று. ஆனால் அது கைப்பேசிக்கான விளையாட்டு. கைப்பேசி விளையாட்டுகளின் பொது வழக்கப்படி அதைத் திறந்து திருத்தும் கருவி வாங்கியவனுக்குக் கொடுக்கப்படவில்லை. நம் நாட்டில் கணினியைத் தாண்டிக் கைப்பேசி பரவியது பல வகையில் நன்மை. இந்த ஒரு வகையில் மாத்திரம் கதவு முன்னிலும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது. அண்மையில் ஃபோர்ட்நைட் முதலியவை தம் எடிட்டர்களைத் திறந்திருக்கின்றன என்றாலும், கட்டியது அவர்களுடைய சர்வரில் அவர்களுடைய தயவில் வாழ்வது. 1994-இல் செய்த டூம் களம் எந்தச் சர்வரையும் கேளாமல் இன்றும் ஓடுகிறது.

சொந்த ஊரைத் துப்பாக்கி விளையாட்டின் களமாக்கலாமா என்ற தர்ம வினாவையும் ஒதுக்கிவிட முடியாது. 2007-இல் டெக்ஸாஸில் ஒரு மாணவர் தம் பள்ளியையே கவுன்டர்-ஸ்டிரைக் களமாக அமைத்தமைக்காக வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். அதே மாதத்தில் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் உண்மையான துப்பாக்கிச் சூடு நடந்திருந்ததால் அதிகாரிகளின் அச்சத்தையும் முற்றாகக் குறைகூற இயலவில்லை. பழகிய இடத்தை முதலில் கட்டிப் பார்ப்பது எந்தக் கைவினைஞனுக்கும் இயல்பு. அல்சூரில் இதைச் செய்ய முனைவோன் படைப்பிரிவின் வேலிக்கு உட்புறத்தை விட்டுவிடுவது விவேகம். காவலுள்ள ராணுவ நிலத்தின் அளவுகளைக் கணினியில் ஏற்றிப் பரப்புவது விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்படாது. கோயிலுக்குள்ளே சுடுவதும் பலர் மனத்தைப் புண்படுத்தும். இதற்குப் பரிகாரம் எளிது: பகைவரை வைக்காமலே ஒரு களம் இருக்கலாம். டூமிலும் குவேக்கிலும் வெறுமனே நடந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட களங்கள் உண்டு. துப்பாக்கிக்காகச் செய்த இயந்திரம் நடப்பதற்கும் உதவும்.

முன்னே சொன்ன தடைகளில் பெரும்பாலானவை இப்போது நீங்கிவிட்டன என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். டூமின் மூலநிரல் 1997-இலும், குவேக்கின் மூலநிரல் 1999-இலும், மெடல் ஆஃப் ஹானருக்கு அடித்தளமான குவேக் 3-இன் மூலநிரல் 2005-இலும் பொதுவில் வைக்கப்பட்டன. மூலவிளையாட்டின் ஓவியங்களுக்குப் பதிலாகத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்த 'ஃப்ரீடூம்' இருப்பதால், ஒரு ரூபாயும் செலவின்றி, நகல் வட்டின் பாவமுமின்றி முழுத் தொகுதி கிடைக்கிறது. இரவு முழுவதும் ஓடிய விஸ் இன்று பெங்களூர் எஸ்.பி. ரோடில் வாங்கும் பழைய லேப்டாப்பிலும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதலில் எதைக் கட்டுவது? ஏரியையே எடுத்துக்கொள்ள ஆசை எழும். அது தவறான தொடக்கம். குவேக், ஹாஃப்-லைஃப் இரண்டின் களவெளியும் ஒரு பக்கத்துக்கு 8192 அலகு. ஓரலகை ஓர் அங்குலமென்று கொண்டால் அது சுமார் 208 மீட்டர். 120 ஏக்கருக்கு மேற்பட்ட அல்சூர் ஏரி அதற்குள் அடங்காது. அடங்கினாலும், திறந்த நீர்ப்பரப்பில் எல்லாக் கரையும் எல்லாக் கரைக்கும் தெரியுமாதலால் விஸ்ஸின் உழைப்பு வியர்த்தமாகும். கார் ஸ்டிரீட்டை ஒட்டிய சந்துகள் நல்லவை. முப்பதடிக்கு ஒரு திருப்பம் வந்து பார்வையை மறிக்கும் இத்தகைய இடங்களை டஸ்ட் 2 அமைத்தவர் அரும்பாடுபட்டுக் கற்பனையில் செய்தார், நமக்கோ ஊர் அமைத்தே கொடுத்திருக்கிறது. கடைப் பலகைகளில் ஒரு சங்கடம் உண்டு: அந்தப் பழைய இயந்திரங்கள் தம் செய்தி வரிகளில் தமிழையோ கன்னடத்தையோ எழுத்தாகக் காட்ட அறியா. படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் எந்த லிபியும் தெளிவாக நிற்கும். எந்த எழுத்து மேலே, எது கீழே என்பது மட்டும் கட்டுபவனின் சொந்தப் பொறுப்பு. பக்கத்தில் ஏரிக்கரையிலேயே, மொழிப் பூசலால் 18 ஆண்டு துணிக்குள் மூடியிருந்து 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கும் பேட்டையில் அது சாமானிய விஷயமன்று.

இவையனைத்தினும் தக்கது சோமேசுவரர் கோயிலை அடுத்த கல்யாணி என்பது என் அபிப்பிராயம். நெடுங்காலம் மண்ணும் குடியிருப்பும் மூடிக் கிடந்து இந்த நூற்றாண்டில் மீட்கப்பட்ட அந்தப் படிக்கட்டுக் குளம், கூரையற்றது. ஒரு தளத்தின்மேல் இன்னொரு தளம் இல்லாதது. ஆகவே பழைய டூமின் இலக்கணத்துக்கே முற்றும் உட்பட்டது. ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்களை வரைந்து, உள்ளே போகப்போக ஒவ்வொன்றின் தள உயரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தால் குளம் தானாக இறங்கும். குறைக்கும் அளவில்தான் கைத்திறன் இருக்கிறது. டூமில் நடப்பவன் ஒரே அடியில் ஏறக்கூடிய உயரம் 24 அலகு, ஹாஃப்-லைஃபில் 18. ஓரலகு கூடினாலும் அவன் படியின் முன் சுவரைக் கண்டாற்போல் நின்றுவிடுவான். கல்யாணியின் கற்படிகளோ சில இடங்களில் வயதானவர் கை ஊன்றி இறங்க வேண்டிய உயரம். அவற்றை உள்ளபடி வைத்தால் இறங்கியவன் ஏற முடியாது, ஏறும்படி குறைத்தால் குளம் தன் ஆழத்தை இழக்கும். பெரிய படி இரண்டுக்கு இடையே, சுவரோரத்தில், சிறிய ஏறுபடிகளைச் செருகி இதைச் சரிக்கட்டலாம். கல்யாணிகளைக் கட்டிய தச்சர்களும் பல இடங்களில் அதையே செய்திருக்கிறார்கள். அளவுநாடாவோடு ஒரு காலை அங்கே போய், எந்தப் படியில் அவர்கள் அதைச் செய்தார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து, அதன் பிறகு எடிட்டரைத் திறப்பதே முறை.